முப்பது இலட்சமாவது ஆண்டும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும்: பெர்ல் மொழியின் டிபார்ஸ் கருவிக்கு ஒரு மதிப்புரை

நடப்பு ஆண்டைத் தருமாறு, பெர்ல் என்னும் நிரல்மொழியில் நான் எழுதிய ஒரு வரி நிரல், கிழமை, மாதம், நாள், மணி ஆகியவற்றோடு, முப்பது இலட்சத்தைத் தொடும் ஓர் ஆண்டைத் திரையில் அச்சிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருந்தும் பெர்ல் ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. மறுபடி இயக்கியபோது வேறோர் ஆண்டு வந்தது. அந்த வரி இது:

மை $ஆண்டு = லோக்கல்டைம்[5] + 1900;

(இக்கட்டுரையில் பெர்லின் ஆங்கிலச் சொற்களை வாய்விட்டுப் படிப்பது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், இயக்கிப் பார்ப்பவர்கள் அவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சிட வேண்டும். மாறிகளின் தமிழ்ப் பெயர்களை மாற்றத் தேவையில்லை. நிரலின் தலையில் 'யூஸ் யூடிஎஃப்8' என்று அறிவித்துவிட்டால் $ஆண்டு, $கோப்பு போன்ற பெயர்களைப் பெர்ல் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும்.)

லோக்கல்டைம் என்பது ஒன்பது மதிப்புகளைப் பட்டியலாகத் திருப்பித் தரும் செயற்கூறு. அவற்றுள் சுட்டெண் (பூச்சியத்திலிருந்து எண்ணும் இட எண்) 5-இல் இருப்பது ஆண்டு. அதுவும் 1900 கழிக்கப்பட்ட ஆண்டு. ஆகவே 1900-ஐக் கூட்ட வேண்டும் என்பது சரிதான். பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கச் சதுர அடைப்பு வேண்டும் என்பதும் சரிதான். பிறகு எங்கே பிசகியது என்று நான் கண்டுகொண்டது, பெர்லோடு கூடவே வரும் டிபார்ஸ் என்னும் கருவியின் உதவியால். அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

டிபார்ஸின் முழுப்பெயர் பி::டிபார்ஸ். ஸ்டீஃபன் மெக்கமன்ட் எழுதியது. மால்கம் பீட்டி முன்பு எழுதிய ஒரு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. 1998-இல் வெளிவந்த பெர்ல் 5.005 முதல் மொழியின் மையத் தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. எனவே விலை இல்லை, பெரும்பாலும் தனியாக நிறுவும் வேலையும் இல்லை. டெபியன் போன்ற சில லினக்ஸ் வகைகளில் மட்டும், கணினியோடு வரும் குறைந்தபட்சப் பெர்ல் தொகுப்பில் இது இராது. முழுப் பெர்ல் தொகுப்பை நிறுவினால் வந்துவிடும். இயக்கும் முறையும் எளிது: பெர்ல் என்ற கட்டளைக்குப் பின் '-எம்ஓ=டிபார்ஸ்,-பி' என்று கொடுத்து, அடுத்து கோப்பின் பெயரையோ, '-இ' என்ற விருப்பத்தோடு ஒற்றை வரி நிரலையோ தர வேண்டும். நிரல் இயங்காது. பெர்ல் அதைப் படித்துத் தனக்குள் அமைத்துக்கொண்ட செயல்மரத்தை டிபார்ஸ் மறுபடியும் பெர்ல் நிரலாக எழுதிக் காட்டும். அந்தச் சிறிய 'பி' தான் இம்மதிப்புரையின் கதாநாயகன். அதைக் கொடுத்தால், அடைப்புக்குறி போட இடமுள்ள அநேகமாக எல்லா இடங்களிலும் டிபார்ஸ் அடைப்புக்குறி போட்டுவிடும். அடைப்புக்குறிகள் நிறைந்த லிஸ்ப் மொழிக்குப் பழகியவர்களுக்கு இது பயன்படலாம் என்று அதன் ஆவணமே கேலியாகக் குறிப்பிடுகிறது.

இலக்கண வகுப்பில் பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாக 'வேங்கை' என்ற சொல்லைத் தருவார்கள். சேர்த்துப் படித்தால் புலி அல்லது மரம். வேம், கை என்று பிரித்துப் படித்தால் வேகின்ற கை. எழுத்துகள் ஒன்றே, பிரிக்கும் இடம் வேறு. கூட்டல், பெருக்கல் போன்ற செயற்குறிகளுள் எது தன் அருகில் உள்ளதை முதலில் பிடித்துக்கொள்ளும் என்ற முன்னுரிமையும் இதைப் போன்றதுதான். நம் வரியைப் பெர்ல் எப்படிப் பதம் பிரித்தது என்பதை டிபார்ஸ் சொல்லிவிடுகிறது. என் வரிக்கு அது தந்த விடை இப்படி இருந்தது:

(மை $ஆண்டு = லோக்கல்டைம்(([5] + 1900)));

இதைக் கண்டவுடன் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன. நான் சுட்டெண்ணாக நினைத்து எழுதிய [5]-ஐ, ஐந்து என்ற ஒரே எண்ணைக் கொண்ட ஒரு பெயரில்லா அணிக்கான (மதிப்புகளின் வரிசைக்கான) ரெஃபரன்ஸாக, அதாவது அது நினைவகத்தில் இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பாகப் பெர்ல் எடுத்துக்கொண்டிருக்கிறது. லோக்கல்டைம் ஓர் ஓருறுப்புச் செயற்குறி, அதாவது ஒரே மதிப்பை ஏற்பது. தனக்குப் பின்னால் ஒரு மதிப்பு வரும் என்று அது எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில் சதுர அடைப்பைத் திறந்தால் அது அணியின் தொடக்கமாகத்தான் இருக்க முடியும். இத்தோடு முடியவில்லை. பெயருள்ள ஓருறுப்புச் செயற்குறிகள் கூட்டலைவிடத் தாழ்ந்த முன்னுரிமை உடையவை. ஆகையால் + 1900 என்பதும் லோக்கல்டைமுக்கு வெளியே நிற்காமல் உள்ளே இழுக்கப்பட்டது. அணி இருக்கும் நினைவக முகவரியோடு 1900 கூட்டப்பட்டு, வந்த தொகை 1970 முதல் கழிந்த நொடிகளாகக் கொள்ளப்பட்டு, அதற்குரிய தேதி கணக்கிடப்பட்டிருக்கிறது. நான் கூட்ட நினைத்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள், ஆயிரத்துத் தொள்ளாயிரம் நொடிகளாக, அதாவது முப்பத்தொரு நிமிடம் நாற்பது நொடியாகச் சுருங்கிவிட்டன. ஒவ்வோர் ஓட்டத்திலும் முகவரி மாறுவதால் ஆண்டும் மாறியது.

திருத்தம் ஒரே ஜோடி அடைப்புக்குறி: (லோக்கல்டைம்)[5] + 1900. பட்டியலைத் திருப்பித் தரும் எதையும் வட்ட அடைப்புக்குள் இட்டு, அதையடுத்துச் சதுர அடைப்பில் சுட்டெண் தருவதைப் பட்டியல் ஸ்லைஸ் என்கிறார்கள். இந்த அமைப்பு, முன்னுரிமை அட்டவணையின் உச்சியில் உள்ள 'உறுப்பு' என்ற தகுதியைப் பெறுவதால், பின்னால் எந்தச் செயற்குறி வந்தாலும் அதைக் குலைக்காது. (ஸ்டாட் $கோப்பு)[7] கோப்பின் அளவைத் தரும். [9] கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைத் தரும். (காலர்(0))[3] இப்போது இயங்கும் செயற்கூற்றின் பெயரைத் தரும். எடு என்று நாமே எழுதிய ஒரு செயற்கூறு பட்டியலைத் தந்தால், (எடு())[-1] அதன் கடைசி உறுப்பைத் தரும். (ஸ்ப்ளிட் /:/, $வரி)[0, -1] என்று முதலையும் கடைசியையும் ஒருசேர எடுக்கலாம். வட்ட அடைப்பு இல்லாமலே சுட்டெண்ணை ஏற்கும் விதிவிலக்கு ஒன்றும் உண்டு: க்யூடபிள்யூ கொண்டு எழுதும் சொற்பட்டியலுக்குத் தன் அடைப்பே போதுமானது.

லோக்கல்டைம்[5] செய்த அளவுக்குத் தீங்கு ஸ்டாட்($கோப்பு)[7] செய்யாது. செயற்கூற்றின் அடைப்பு மூடியபின் சதுர அடைப்பு வந்தால் அது இலக்கணப் பிழை என்று பெர்ல் உடனே நின்றுவிடும். பெர்லின் தரவு வகைகள் பற்றிய ஆவணத்திலேயே இந்தத் தவறு எடுத்துக்காட்டாக இடம்பெற்று, அடைப்புக்குறியை மறந்தாயிற்று என்ற பொருளில் ஒரு குறிப்பும் அருகில் உள்ளது. பிழை என்று நிற்கும் வரியைவிட, பிழையின்றி வேறு பொருள் தரும் வரியே ஆபத்தானது என்பதால், டிபார்ஸின் பெருமையும் சிறுமையும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

சிறுமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்லைப் புதிதாகக் கற்பவர் பட்டியல் ஸ்லைஸை அறிந்தவுடன் எழுதும் அடுத்த வரி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்:

பிரின்ட் (ஸ்டாட் $கோப்பு)[7];

இது இலக்கணப் பிழை. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது: வட்ட அடைப்பு உண்டு, சுட்டெண் உண்டு. ஆனால் பிரின்டைத் தொடர்ந்து, இடையில் வெற்றிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வட்ட அடைப்பு வந்தால், அது பிரின்டுக்கான மதிப்புகளை உள்ளடக்கிய அடைப்பு என்று பெர்ல் கொள்ளும். செயற்கூறு போலத் தோன்றினால் செயற்கூறே என்பது அதன் விதி. ஆகவே ஸ்டாடின் அடைப்பைப் பிரின்ட் பறித்துக்கொள்ள, [7] அநாதையாக நிற்கிறது. இங்கே டிபார்ஸை அழைத்துப் பயனில்லை. செயல்மரம் உருவாகவே இல்லை என்பதால் காட்டுவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. சாதாரணப் பெர்ல் தரும் அதே இலக்கணப் பிழைச் செய்தியைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. பட்டியல் ஸ்லைஸில் ஆரம்பநிலையினர் சிக்கும் முதல் இடத்திலேயே கருவி வாய்மூடி நிற்பது பெரிய குறை. எனினும் அந்தக் குறைக்குப் பொறுப்பு அதன் அமைப்பே அன்றி, எழுதியவரின் கவனக்குறைவு அல்ல.

இதற்கு வழக்கமான மருந்து ஒரு கூட்டல் குறி: பிரின்ட் +(ஸ்டாட் $கோப்பு)[7]. இப்போது டிபார்ஸை இயக்கினால், பிரின்ட்((ஸ்டாட்($கோப்பு))[7]) என்று தெளிவாக விடை வருகிறது. அந்தக் கூட்டல் குறி விடையில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். அது எந்த வேலையும் செய்வதில்லை. பிரின்டுக்கும் அடைப்புக்கும் இடையே நின்று கண்ணை மறைத்துவிட்டுப் போய்விடுகிறது. புதியவர்களுக்கு இந்தக் கூட்டல் குறியை விளக்க நான் எவ்வளவோ சொல் செலவழித்திருக்கிறேன். அந்த விடையில் அது காணாமற்போவதைக் காட்டிய பிறகு எவரும் மறுகேள்வி கேட்டதில்லை. இதே இடத்தில், செயற்கூற்றின் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் மட்டும் நல்ல பிள்ளை. செயற்கூறு போலத் தோன்றும் விதி ரிட்டர்னுக்குப் பொருந்தாது என்பதால், ரிட்டர்ன் (எடு())[0] என்று கூட்டல் குறி இல்லாமலே எழுதலாம்.

பிரின்டின் இந்தப் பசி இலக்கணப் பிழையாக வெளிப்படாத சமயங்களில்தான் டிபார்ஸ் தன் கூலிக்கு உழைக்கிறது. பிரின்ட் (1+2)+4 என்ற வரி ஏழை அச்சிடாமல் மூன்றை அச்சிடும் என்பது பெர்ல் ஆவணத்திலேயே உள்ள பழைய எடுத்துக்காட்டு. எண்களுக்குப் பதில் மாறிகளை வைத்து, பிரின்ட் ($அ+$ஆ)+$இ என்று டிபார்ஸிடம் கொடுத்தால், பிரின்ட் மூடப்பட்ட பிறகு கூட்டல் நிற்பதும், அந்தக் கூட்டலின் விடையை வாங்க ஆளில்லாததும் கண்ணெதிரே தெரியும்.

இனிப் பெருமை. நான் பராமரித்த ஒரு நிரல், இரவுதோறும் ஒரு பதிவேட்டுக் கோப்பைத் திறந்து கூட்டுத்தொகை போட்டு அறிக்கை அனுப்பும். அதன் தொடக்கத்தில் இருந்த வரி:

ஓப்பன் மை $கை, '<', $கோப்பு || டை "திறக்க முடியவில்லை";

எழுதியவர் நான்தான், வேறு எவர் தலையிலும் கட்ட முடியாது. ஒருநாள் அந்தக் கோப்பு வேறு அடைவுக்கு மாற்றப்பட்டது. நிரல் சாகவில்லை, எல்லாத் தொகைகளும் பூச்சியமாக இருந்த அறிக்கையை ஒன்பது இரவுகள் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. மூடிய கோப்பிலிருந்து படிக்க முயல்வதாகப் பெர்ல் எச்சரித்திருக்கிறது, ஆனால் அந்த எச்சரிக்கைகள் எவரும் திறக்காத ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வரியைப் பத்து முறை படித்தும் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. 'திற, இல்லையேல் சாவு' என்று என் மனமே அடைப்புக்குறி போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. டிபார்ஸ் தந்த விடையில், $கோப்பு || டை என்ற பகுதி தனி அடைப்புக்குள் இருந்தது. அதாவது, கோப்பின் பெயர் காலியாக இருந்தால் மட்டும் சாவு என்று நான் எழுதியிருக்கிறேன். இரட்டைக் கோடு காற்புள்ளியைவிட இறுக்கமாகப் பிடிக்கும். ஓப்பனோ வலப்புறத்தில் காற்புள்ளியைவிடத் தளர்வாகப் பிடிக்கும் பட்டியல் செயற்குறி. அதற்கும் கீழே நிற்பதற்காகவே 'ஆர்' என்ற சொல் வடிவம் பெர்லில் இருக்கிறது. அதை இட்டவுடன் டிபார்ஸின் அடைப்புகள் ஓப்பனை முழுதாகச் சூழ்ந்து, ஆர் வெளியே வந்துவிட்டது.

'ஓப்பன் ஃபூ || டை' என்று கோப்புக்கையின் பெயரோடு நிறுத்தி எழுதினால் முன்னுரிமைச் சிக்கல் என்று பெர்லே எச்சரிக்கும். பெர்ல் 5 தன் இலக்கணத்தை ஒழுங்குபடுத்தியபோது பொருள் மாறிய ஒரு பழைய வழக்கத்துக்கான எச்சரிக்கை அது. கோப்பின் பெயரும் உடன் வந்துவிட்டால் அந்த எச்சரிக்கை எழுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப, என் அறிவில், டிபார்ஸைவிட எளிய வழி இல்லை.

அடுத்து வருவது, இக்கருவியை நம்புபவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரம்பு. செயற்கூறு திருப்பித் தரும் பட்டியலைக் கையாளும்போது, யார் யாரோடு சேர்கிறார்கள் என்ற முன்னுரிமைக் கேள்வியோடு, எந்தச் சூழலில் (ஒற்றை மதிப்பை எதிர்பார்த்தா, பட்டியலை எதிர்பார்த்தா) அழைக்கப்படுகிறார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. மை @வரிகள் = எடு() || டை என்ற வரியைப் பாருங்கள். டிபார்ஸ் இதற்கு எடு() || டை என்பதைச் சேர்த்து அடைப்பிட்டு, அதன் விடை @வரிகளுக்குப் போவதாகக் காட்டும். படிப்பவருக்கு இதில் தவறு தெரியாது. உண்மையில் இரட்டைக் கோடு தன் இடப்பக்கத்தை ஒற்றை மதிப்புச் சூழலில் அழைக்கிறது. எடு() ஓர் அணியைத் திருப்பித் தருமானால், வரிகள் எல்லாம் போய் அவற்றின் எண்ணிக்கை மட்டுமே வந்து @வரிகளில் உட்கார்ந்துகொள்ளும். அடைப்புக்குறிகள் இதைச் சொல்லா. (எடு())[0] என்று எழுதினால் எடு() பட்டியல் சூழலில் அழைக்கப்படுகிறது என்பதும், மை ($முதல்) = எடு() என்பதும் அவ்வாறே என்பதும், அடைப்பில்லாத மை $முதல் = எடு() அப்படியன்று என்பதும் படித்து அறிந்தவருக்கே தெரியும். டிபார்ஸ் இந்த வேறுபாட்டை மறைப்பதில்லை. 'மை' என்பதை அடுத்து ஓர் அடைப்பு இருப்பதும் இல்லாததுமாக அது விடையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதுவே தூவிய ஐம்பது அடைப்புகளின் நடுவே அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே தரலாம்.

சூழலை அறிய வேண்டுமானால் அதே குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரான பி::கன்சைஸ் இருக்கிறது. அது செயல்மரத்தை நிரலாக மாற்றாமல் மரமாகவே அச்சிட்டு, ஒவ்வொரு செயலின் அருகிலும் வி, எஸ், எல் என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றை இடும். முறையே விடை வேண்டாத சூழல், ஒற்றை மதிப்புச் சூழல், பட்டியல் சூழல். சூழல் மேலிருந்து முடிவாகும் இடங்களில், செயற்கூற்றின் கடைசி வரி போல, எழுத்து ஏதும் இராது. அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். இரவு பத்து மணிக்குத் திறக்கக்கூடிய கருவி அன்று.

பட்டியல் ஸ்லைஸைப் பற்றி டிபார்ஸ் அறவே பேச முடியாத இன்னொன்றும் உண்டு. அது பெர்லின் பதிப்பைச் சார்ந்தது. 2015 ஜூனில் வந்த 5.22-க்கு முன்பு, நீங்கள் கேட்ட சுட்டெண்கள் எல்லாமே பட்டியலின் எல்லைக்கு வெளியே இருந்தால், ஸ்லைஸ் வெற்றுப் பட்டியலைத் தந்துவந்தது. 5.22 முதல், மூலப் பட்டியலே வெறுமையாக இருந்தாலோ சுட்டெண்ணே தராவிட்டாலோ மட்டும் வெற்றுப் பட்டியல். மற்றபடி கேட்ட எண்ணிக்கைக்கு வரையறுக்கப்படாத மதிப்புகள் வரும். கடவுச்சொல் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் கெட்பிடபிள்யூஎன்ட் செயற்கூற்றில் [7,0] என்று சுட்டெண் தந்து சுழலும் பழைய எடுத்துக்காட்டுச் சுழல், பதிவுகள் தீர்ந்தபின் மூலப் பட்டியலே வெறுமையாகிவிடுவதால் இன்றும் ஒழுங்காக நிற்கிறது. இரண்டு உறுப்புகள் உள்ள பட்டியலில் [5,6] கேட்டு, வெறுமை வந்தால் நிற்பது என்று நம்பிய சுழல்கள் நிற்கா. இரண்டு பதிப்புகளிலும் டிபார்ஸ் அச்சிடும் வரி ஒன்றே. வரியின் வடிவத்தைத்தான் அது காட்டும். ஓட்டத்தின் நடத்தையை அல்ல.

விடையின் தரத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பெர்ல் தொகுக்கும்போதே மாறிலிகளைக் கணக்கிட்டு மடித்துவிடுவதால், முன்னுரிமையைச் சோதிக்க எண்களைக் கொண்டு எழுதும் வரிகள் ஏமாற்றிவிடும். ரேண்ட் 10 * 20 என்று கொடுத்தால் ரேண்ட்(200) என்று மட்டுமே வரும். இதில் பெருக்கல் உள்ளே போயிற்று என்பது புரிகிறது, சரி. -2 ** 2 என்று கொடுத்தால் -4 என்ற விடை மட்டும் மிஞ்சும்; அடுக்கு முதலில் நடந்ததை நாமேதான் ஊகிக்க வேண்டும். மாறிகளை வைத்துச் சோதித்தால் இந்தத் தொல்லை இல்லை. பயன்படாத மாறிலி ஒன்றைப் பெர்ல் தூக்கி எறிந்திருந்தால், அந்த இடத்தில் மேற்கோளுக்குள் மூன்று கேள்விக்குறிகள் நிற்கும். முதலில் இதைக் கருவியின் பழுது என்றே நினைத்தேன். இப்போது விடையில் நான் முதலில் தேடுவதே அந்தக் கேள்விக்குறிகளைத்தான். $பெயர் = $உள்ளீடு ஆர் 'யாரோ' என்று ஒருவர் எழுதியிருந்தால், 'யாரோ' இருக்க வேண்டிய இடத்தில் '???' நிற்கும், மாற்றுப்பெயர் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

குறிப்புரைகள் அனைத்தும் விடையில் மறைந்துபோகும். இஃப் என்று எழுதியது சில சமயம் ஆண்ட் என்று திரும்பி வரும். நிரலில் உள்ள தமிழ்ச் சரங்கள் எழுத்துகளாக வராமல் சாய்கோடும் எண்ணுமாக வரும். தமிழில் செய்திகள் அச்சிடும் நிரல்களை வைத்திருப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஒரு சரத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி வந்தால், அரைப் பக்கத்துக்கு நீளும் எண்களுக்கிடையே அடைப்புக்குறிகளைத் தேட வேண்டியிருக்கிறது. சோதிக்கும்போது சரத்தைத் தற்காலிகமாக ஓர் ஆங்கில எழுத்தாக மாற்றிக்கொள்வது என் வழக்கம். இன்னோர் எச்சரிக்கை: நிரல் இயங்காது என்று மேலே சொன்னது முழு உண்மையன்று. யூஸ் வரிகளும் பிகின் தொகுதிகளும் தொகுக்கும்போதே இயங்குபவை என்பதால், டிபார்ஸின் கீழும் அவை இயங்கும். எங்கிருந்தோ வந்த, நம்பிக்கையில்லாத நிரலை 'பார்க்கத்தானே போகிறோம்' என்று இதனிடம் கொடுப்பது தவறு.

நாமே எழுதும் செயற்கூறுகளில் இக்கருவி வேறு வகையில் உதவுகிறது. அறிவிக்கப்பட்ட செயற்கூற்றை அடைப்பில்லாமல் அழைத்தால், அதன் முன்வடிவை (அது ஏற்கும் உள்ளீடுகளைக் குறிக்கும் அறிவிப்பை)ப் பொறுத்து அதன் முன்னுரிமையே மாறிவிடும். முன்வடிவு இல்லையெனில் அது பட்டியல் செயற்குறி, வலப்பக்கம் உள்ளதையெல்லாம் வாரிக்கொள்ளும். ஒற்றை டாலர் குறி முன்வடிவாக இருந்தால் ஓருறுப்புச் செயற்குறி. வெற்று முன்வடிவு என்றால் எதையும் வாங்காது. எல்லை என்ற பெயரில் நூறைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை முன்வடிவின்றி எழுதிவிட்டு, எல்லை + 1 என்று கேட்டால் நூற்றொன்று வராது. +1 அதற்கு உள்ளீடாகப் போய்விட, நூறே வரும். கான்ஸ்டன்ட் கூறு மூலம் அறிவித்தால் வெற்று முன்வடிவு தானாக அமைவதால் இந்தச் சிக்கல் எழாது. இவ்விரண்டையும் டிபார்ஸில் அடுத்தடுத்து இயக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். ஆவணத்தில் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பிற்பகல் ஆனது.

பெர்ல்::கிரிட்டிக் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிரிட்டிக் நிரலை இயக்காமல், தன் சொந்தப் பகுப்பியைக் கொண்டு படித்து, நடையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் கருவி. சொல் வடிவ ஆர், ஆண்ட் ஆகியவற்றை இரட்டைக் கோடு, இரட்டை ஆம்பர்சண்ட் ஆகியவற்றோடு ஒரே கோவையில் கலக்காதே என்று அது கண்டிப்பது நல்ல பழக்கத்தை வளர்க்கும். ஆயினும் ஒரு வரியின் பொருள் என்ன என்று தகராறு வந்தால், அதைப் படித்தவரின் வாக்குமூலம்தான் செல்லும். படித்தவர் பெர்ல், அதன் வாக்குமூலம் டிபார்ஸ். பெர்ல்டைடி வரிகளை அழகாக ஒழுங்குபடுத்தும், ஆனால் பொருளை விளக்க அடைப்புகளைச் சேர்க்காது. எனவே மூன்றுக்கும் போட்டியில்லை.

என் பரிந்துரை, பழைய பெர்ல் நிரல்களைப் பராமரிக்கும் எவருக்கும் இக்கருவி தேவை என்பதே. பெர்லை இப்போதுதான் தொடங்குபவர்கள், செயற்கூறு போலத் தோன்றும் விதியையும் பட்டியல் ஸ்லைஸின் வட்ட அடைப்பையும் முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு, பிறகு இதனிடம் வருவது நல்லது. இலக்கணப் பிழையோடு வருபவர்களை இது வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடும். விடையில் வரும் அடைப்புகளை அப்படியே வெட்டித் தம் நிரலில் ஒட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம். அவ்வளவு அடைப்புகளுள்ள வரியை அடுத்து வருபவரால் படிக்க முடியாது. எந்த ஓர் அடைப்பு நாம் எண்ணிய இடத்தில் இல்லை என்று பார்த்து, அந்த ஒரு ஜோடியை மட்டும் மூல வரியில் இடுவதே முறை.

என் விம் தொகுப்பானில், தேர்ந்தெடுத்த வரிகளை டிபார்ஸுக்கு அனுப்பி விடையை அடுத்த சாளரத்தில் காட்ட ஒரு விசையை அமைத்திருக்கிறேன். முப்பது இலட்சமாவது ஆண்டைத் தந்த வரியை அழிக்க மனமில்லாமல், குறிப்புரையாக்கித் திருத்திய வரிக்கு மேலேயே விட்டுவைத்தேன். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைக் கண்டு, 'அண்ணா, இதிலே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கே, போட்டுடட்டுமா?' என்று கேட்டார். விசை எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.